ஸ்பீக்கர் பெட்டிக்குள் எந்தப் பஞ்சை, எவ்வளவு, எங்கே வைப்பது?

மெல்லிசைக்கூடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆறரை அங்குல ஊஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) ஓர் அங்குல டோம் ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிக்கான சிறியது) கொண்ட இருவழி ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை, போர்ட் (காற்று போய்வரும் குழாய்) இல்லாத மூடிய பெட்டியாகச் செய்துகொண்டிருக்கிறேன். பலகை 18 மி.மீ. பிளைவுட். உள்ளளவு உயரம் 42 செ.மீ., அகலம் 20 செ.மீ., ஆழம் 22 செ.மீ. என்பதால் கொள்ளளவு ஏறத்தாழ 18.5 லிட்டர் வருகிறது. ஊஃபரின் மையம் உள்தரையிலிருந்து 14 செ.மீ. உயரத்தில் அமைகிறது. தயாரிப்பாளர் தந்துள்ள தாளின்படி ஊஃபரின் ஒத்ததிர்வு (அது இயல்பாக ஆடும் அதிர்வெண்) 42 ஹெர்ட்ஸ், மொத்தக் கியூ (அந்த ஆட்டம் எவ்வளவு அடங்காமல் இருக்கிறது என்பதன் அளவு) 0.48, விஏஎஸ் (கூம்பைத் தாங்கும் அமைப்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) 28 லிட்டர். இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரை 2,500 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன்.

மர வேலை முடியும் தறுவாயில் இருக்கும்போது, உள்ளே எதை இடுவது என்பதில் ஆளுக்கொரு யோசனை வருகிறது. தச்சர் தெர்மாகோல் ஒட்டினால் போதும் என்கிறார். இசைக்குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருவர் முட்டை அட்டைகளை உள்சுவரில் பதிக்கச் சொல்கிறார். கார் அலங்காரக் கடையில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டைக் காட்டி, இதை ஒட்டிவிட்டால் வேறெதுவும் தேவையில்லை என்கிறார்கள். வீட்டுப் பரணில் பழைய இலவம்பஞ்சுத் தலையணைகள் சில கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் போட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இந்தப் பொருள்களில் எவை உண்மையிலேயே பயன்படும்? சுவரில் ஒட்டுவதா, பெட்டியை நிரப்புவதா? நிரப்புவதென்றால் எவ்வளவு? தெரிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

சீரலை:

வணக்கம். உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றில் ஒலி எதிரொலிப்பதை அடக்குவது ஒரு வேலை; பலகையே அதிர்ந்து ஒலிப்பதை அடக்குவது இன்னொரு வேலை. முதலாவதற்குக் காற்று புகுந்து போகும் நாருள்ள பொருள் வேண்டும். இரண்டாவதற்குக் கனமான, பிசுபிசுப்பான பொருளோ குறுக்குக் கட்டையோ வேண்டும். கார்க் கடைக்காரர் காட்டும் ஷீட் இரண்டாவது வேலைக்கானது; அது காற்றிலுள்ள ஒலியைச் சிறிதும் உறிஞ்சாது. நான் முதல் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஊஃபரின் கூம்பு முன்பக்கம் எவ்வளவு ஒலியைத் தருகிறதோ அவ்வளவையே பின்பக்கமும் பெட்டிக்குள் தள்ளுகிறது. அந்த ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, மெல்லிய காகிதக் கூம்பின் வழியாகவே சற்றுத் தாமதமாக வெளியே வருகிறது. எந்த அதிர்வெண்ணில் இது மிகும் என்பதைக் கணக்கிடுவது எளிது: ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரைச் சுவர்களுக்கிடையிலான தூரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் பெட்டியில் உயரவாக்கில் 408 ஹெர்ட்ஸ், ஆழவாக்கில் 780, அகலவாக்கில் 857 ஹெர்ட்ஸ் வருகின்றன. மூன்றும் மனிதக் குரல் நிறைந்திருக்கும் பகுதி; மூன்றுமே உங்கள் கிராஸ்ஓவருக்குக் கீழே இருப்பதால் ஊஃபர் அவற்றை நன்றாகவே கிளப்பிவிடும். செய்தி வாசிப்பவரின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சுவரில் மெல்லிய ஃபோம் ஒட்டுவது இங்கே ஏன் போதாது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நார்ப்பொருள் ஒலியைத் தின்பது உராய்வினால். காற்று அசைந்தால்தான் உராய்வு உண்டு. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய வழியில்லை. அங்கே அழுத்தம் ஏறி இறங்குகிறதே தவிர ஓட்டம் இல்லை. ஓட்டம் உச்சமடைவது சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில். 408 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தொலைவு 21 செ.மீ., அதாவது உங்கள் பெட்டியின் உயரத்தில் சரிபாதி. எனவே மேற்பலகையிலும் தரைப்பலகையிலும் ஓர் அங்குல ஃபோமை ஒட்டிவிட்டு 408 ஹெர்ட்ஸ் அடங்கிவிட்டது என்று நினைப்பதில் பொருளில்லை. பஞ்சு இருக்க வேண்டிய இடம் பெட்டியின் நடுப்பகுதி. ஆனால் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் மூன்று செ.மீ.கூட இல்லை, அங்கே சுவர் ஃபோம் நன்றாகவே வேலை செய்யும். உங்கள் ஊஃபர் அந்தப் பகுதியில் ஏற்கெனவே அடங்கிக்கொண்டிருப்பதால் ஆதாயம் குறைவு.

ஊஃபரின் மையத்தைச் சரியாக நடு உயரத்தில் வைத்திருந்தால் 408 ஹெர்ட்ஸ் அலையை அது கிளப்பாது என்று யாராவது சொல்லலாம். சொல்வது சரிதான், ஆனால் அதற்கு மேலுள்ள 816 ஹெர்ட்ஸ் அலையை முழு வலிமையோடு கிளப்பும். நீங்கள் வைத்திருக்கும் மூன்றில் ஒரு பங்கு உயரம் இரண்டையும் பாதியளவு கிளப்பும் இடம். அதை மாற்ற வேண்டியதில்லை.

தெர்மாகோலும் முட்டை அட்டையும் பற்றி: தெர்மாகோலின் குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியவை, காற்று உள்ளே போகவே முடியாது, அது வெப்பத்தைத் தடுக்கும் பொருள், ஒலியை உறிஞ்சும் பொருள் அன்று. முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். அதன் மேடுபள்ளங்கள் உயர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவே. எந்தப் பொருளானாலும் உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சற்றுத் திணறியபடி மறுபக்கம் வர வேண்டும். வரவே இல்லையென்றாலும் தடையின்றி வந்துவிட்டாலும் அது நமக்கு உதவாது.

அடுத்து அளவு. மூடிய பெட்டியில் பஞ்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. கூம்பு உள்நோக்கி அழுத்தும்போது காற்று சற்றுச் சூடாகிறது. வெளிநோக்கிப் போகும்போது குளிர்கிறது. நுண்ணிய நார்கள் அந்தச் சூட்டை வாங்கித் திருப்பித் தருவதால் காற்று மென்மையாகிறது; பெட்டி தன் உண்மை அளவைவிடப் பெரியதுபோல் நடந்துகொள்கிறது. 1954இல் எட்கர் வில்சர் வடிவமைத்து அமெரிக்காவில் வெளிவந்த ஏஆர்-1 ஸ்பீக்கர் தொடங்கி, சிறிய மூடிய பெட்டிகளில் கண்ணாடி நார் திணிக்கும் வழக்கம் பரவியதற்கு இது ஒரு காரணம். கோட்பாட்டின்படி 40 விழுக்காடு வரை கொள்ளளவு கூடலாம். நடைமுறையில் 10 முதல் 25 விழுக்காடு கிடைத்தால் போதும் என்று இருக்க வேண்டும்.

உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால், காலிப் பெட்டியில் ஒத்ததிர்வு 67 ஹெர்ட்ஸ் அளவிலும் மொத்தக் கியூ 0.76 அளவிலும் வரும். கொள்ளளவு 20 விழுக்காடு கூடியதாக வைத்துக்கொண்டால் 63 ஹெர்ட்ஸும் 0.72உம் வரும். பாஸ் (தாழ்ந்த ஒலி) பெருகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது சிறு திருத்தம்தான். உங்களுக்குப் பஞ்சு தரப்போகும் பெரிய நன்மை நடு அதிர்வெண்ணின் தெளிவு.

பாலியஸ்டர் பஞ்சுக்கு லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் என்பது பழகிய வரம்பு. அதன்படி ஒரு பெட்டிக்கு 150 முதல் 300 கிராம் ஆகும். 150இல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஊஃபரின் மின்தடை வளைவை (அதிர்வெண் ஏற ஏற மின்தடை எப்படி மாறுகிறது என்று காட்டும் கோட்டை) அளந்து பாருங்கள். கணினியின் ஹெட்ஃபோன் வெளியீடு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருள் ஆகியவை இருந்தால் போதும். பஞ்சு சேரச் சேர, ஒத்ததிர்வைக் காட்டும் அந்த வளைவின் உச்சி இடப்பக்கம் நகரும், தாழும், அகலமாகும். அது நகர்வது நின்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் திணித்தால் நாரே இடத்தை அடைத்துக்கொண்டு உச்சி மறுபடி வலப்பக்கம் ஏறத் தொடங்கும். அதே வளைவில் 400 ஹெர்ட்ஸ் அருகே சிறு முடிச்சு ஒன்று தெரிந்தால், அதுதான் உயரவாக்கு அலை. பஞ்சு நடுவே சேர்ந்ததும் அந்த முடிச்சு மழுங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

மரத்தூள்:

சீரலை விட்டுவைத்த பலகைப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பலகை அதிர்வைக் கையாள இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, பலகையை முடிந்தவரை விறைப்பாக்கி, அதன் அதிர்வெண்ணை மேலே தள்ளுவது. மற்றொன்று, 1970களில் பிபிசி ஆய்வுத்துறை கைக்கொண்டது: மெல்லிய பிர்ச் பிளைவுட்டில் பெட்டி செய்து, உட்புறம் தடித்த பிட்டுமன் (தார்) பட்டைகளை ஒட்டி, அதிர்வெண்ணைக் கீழே இறக்கி, எழும் அதிர்வையும் உடனே அடக்கிவிடுவது. அவர்களுடைய எல்எஸ்3/5ஏ என்ற சிறு மானிட்டர் ஸ்பீக்கர் இந்த வழியில் செய்யப்பட்டதுதான். இரண்டு மரபும் நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டையும் அரைகுறையாகக் கலப்பதில் பயனில்லை.

நீங்கள் 18 மி.மீ. பிளைவுட் எடுத்ததிலேயே முதல் மரபுக்குப் போய்விட்டீர்கள். இவ்வளவு விறைப்பான பலகையின் மேல் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டை ஒட்டுவது பலகையைப் பெரிதாகக் கட்டுப்படுத்தாது. அந்த ஷீட் காரின் கதவுத் தகடு போன்ற மெல்லிய தகட்டுக்காகச் செய்யப்பட்டது. அங்கே தகட்டைவிட அது தடிமனாக இருப்பதால் அடக்குகிறது. உங்கள் பணத்தை அதில் போடுவதைவிட, 42 செ.மீ. நீளமுள்ள பக்கப்பலகை இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கட்டை ஒன்றை வையுங்கள். அதைச் சரிபாதியில் வைக்காமல், ஒருபுறம் 17, மறுபுறம் 25 செ.மீ. வருமாறு தள்ளி வைத்தால், பிரிந்த இரு பகுதிகளும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து ஒலிக்காது. ஊஃபர் காந்தத்துக்குப் பின்னால் காற்றோட்டம் தடைபடாதபடி கட்டையின் நடுவே பெரிய துளை விடுவது அவசியம்.

பெட்டி இன்னும் ஒட்டப்படாமல் இருந்திருந்தால், 9 மி.மீ. பிளைவுட் இரண்டை நெகிழ்வான பாலியூரித்தேன் சீலன்ட்டால் ஒட்டிய பலகையைப் பரிந்துரைத்திருப்பேன். வெள்ளை மரப்பசை காய்ந்ததும் கல்லாகிவிடுவதால் அந்த இடத்தில் அது உதவாது. நடுவிலுள்ள படலம் இழுபட்டு நெகிழ்ந்தால்தான் அதிர்வு வெப்பமாகி அழியும்.

பஞ்சு விஷயத்தில் மட்டும் சீரலையிடமிருந்து மாறுபடுகிறேன். பெட்டி முழுக்க நிரப்பினால் ஒலி உயிரிழந்து போவதாக என் காதுக்குப் படுகிறது. பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் 12 மி.மீ. கம்பளி ஃபெல்ட், நடுவில் தளர்வாகச் சிறிது பஞ்சு என்பதே என் வழக்கம்.

நாகைக்காற்று:

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு பெட்டி செய்பவன் என்ற முறையில், பொருள் நாளடைவில் என்ன ஆகும் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். உறிஞ்சும் திறனை மட்டும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தால் சில ஆண்டுகளில் திருகைக் கழற்றி உள்ளே பார்க்கும்போது வருத்தப்பட நேரிடும்.

இலவம்பஞ்சு ஒலிக்கு நல்ல பொருள் என்பதில் ஐயமில்லை. அதன் நார் உள்ளீடற்ற குழல், எடையற்றது, நுண்ணியது. ஆனால் அதற்கு மீள்விசை குறைவு. புதுத் தலையணை மேடாக இருந்து, பின் எப்படித் தட்டையாகிக் கட்டிதட்டிப் போகிறதோ அப்படியே பெட்டிக்குள்ளும் அது அடியில் இறங்கிவிடும், மேற்பாதி காலியாகும். ஈரமும் பூச்சியும் சேரும். தீப்பற்றுவதும் எளிது என்பதால், கிராஸ்ஓவர் ரெசிஸ்டர் சூடாகும் இடத்துக்கு அருகே அதை வைக்கக் கூடாது. பரணில் கிடந்த பழைய பஞ்சென்றால் நான் தொடவே மாட்டேன். பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால் புதுப்பஞ்சாக வாங்கி, மல்துணியில் பரப்பி, மெத்தை தைப்பவரிடம் கொடுத்து, கட்டம் கட்டமாகத் தையல் போட்டு வாங்குங்கள். தையல் இருந்தால் பஞ்சு இறங்காது.

சாதாரண பாலியூரித்தேன் ஃபோம், கடைகளில் பொதுவாக டன்லப் என்று கேட்டால் கொடுப்பது, புழுக்கமான ஊரில் நாளடைவில் நொறுங்கும் அல்லது பிசுபிசுத்துப்போகும். பழைய ஸ்பீக்கர்களைத் திறந்தவர்கள் அந்த மஞ்சள் தூளைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தூள் ஊஃபரின் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) இடுக்குக்குள் புகுந்துவிட்டால் கரகரப்பு நிற்காது.

நீளமான கம்பளி நார் மிக நல்ல பொருள். 1965இல் ஏ. ஆர். பெய்லி என்ற ஆங்கிலேயர் டிரான்ஸ்மிஷன் லைன் பெட்டியை (கூம்பின் பின்பக்க ஒலியை நீண்ட வழியில் செலுத்தும் பெட்டி) விவரித்தபோது நிரப்பச் சொன்னது அதைத்தான். பூச்சி மருந்திடாத கம்பளியை அந்துப்பூச்சி விடாது. மூடிய பெட்டிக்குள் அது தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். மரத்தூள் சொல்லும் ஃபெல்ட்டுக்கும் இது பொருந்தும்.

கண்ணாடி நாரும் பாறைக் கம்பளியும் ஒலியை உறிஞ்சுவதில் யாருக்கும் இளைத்தவை அல்ல. ஈரத்தில் மட்காது, பூச்சி தின்னாது, எரியாது. ஆனால் வெட்டும்போது நார்த்துகள் தோலையும் தொண்டையையும் அரிக்கும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் அதைக் கையாளாதீர்கள். மெல்லிய துணியில் சுற்றித் தைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், இந்தத் தட்பவெப்பத்துக்குப் பாலியஸ்டர் பஞ்சே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. தலையணைக் கடையில் ரெக்ரான் பஞ்சு என்று கேட்டால் கொடுப்பார்கள். உருண்டை உருண்டையாக இருக்கும் வகையை விட்டுவிட்டு, நீள நாராகச் சிக்குப் பிடித்திருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கட்டியாகத் திணிக்காமல் விரலால் சிக்கெடுத்து, மேகம்போல் உப்பிய பிறகு வைக்க வேண்டும்; ஒரே எடை, சிக்கெடுப்பதற்கு முன்னும் பின்னும் முற்றிலும் வேறு பொருளாக நடந்துகொள்ளும்.

சீரலை:

மரத்தூள் சொன்ன “உயிரிழந்த ஒலி” பற்றி ஒரு சொல். அந்த அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அதன் காரணத்தைத்தான் வேறாகப் பார்க்கிறேன். பஞ்சு கூடும்போது மொத்தக் கியூ இறங்குகிறது. 0.9இல் இருந்த பெட்டி 0.7க்கு வந்தால், 80 ஹெர்ட்ஸ் அருகே இருந்த சிறு மேடு மறைந்துவிடும். அந்த மேட்டுக்குப் பழகிய காது அது போனதும் உயிர் போய்விட்டதாகச் சொல்கிறது. கூடவே, பெட்டியின் எதிரொலி நடுப்பகுதியில் சேர்த்துவந்த பொய்யான பெருக்கமும் மறைகிறது. அப்படிப்பட்ட மேடு வேண்டும் என்பவர் பெட்டியைச் சிறிதாக்கி அதைப் பெறலாம். எதிரொலியை விட்டுவைத்துப் பெற வேண்டியதில்லை. மெல்லிசைக்கூடு அவர்களின் பெட்டி 0.76இல் தொடங்குவதால், நன்றாக நிரப்பினாலும் இங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை.

சோதிப்பதற்கு இசையைவிடப் பேச்சு மேல். ஒரு பெட்டியில் பஞ்சு, மற்றதில் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஆண்குரலில் வானொலிச் செய்தியை மாற்றி மாற்றி ஒலிக்க விடுங்கள். பழக்கமில்லாத காதுக்கும் வேறுபாடு தெரியும்.

மெல்லிசைக்கூடு:

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. பாலியஸ்டர் பஞ்சையும் ஒரு குறுக்குக் கட்டையையும் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பஞ்சு ஊஃபரின் பின்பக்கத்தில் உரசாமல் எப்படி நிறுத்துவது? அடுத்து, என் தம்பி உள் உயரம் 90 செ.மீ. உள்ள போர்ட் வைத்த டவர் ஸ்பீக்கர் செய்ய விரும்புகிறார். அதற்கும் இதே அளவு பஞ்சு பொருந்துமா?

சீரலை:

போர்ட் பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே போர்ட்டில் உள்ள காற்றும் பெட்டிக்குள் உள்ள காற்றும் சேர்ந்து, பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப் போல் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடியாக வேண்டும். உள்ளே பஞ்சைத் திணித்தால் அந்த ஆட்டம் உராய்வில் கரைந்துபோகும். மின்தடை வளைவின் இரண்டு உச்சிகளும் தாழ்ந்து, போர்ட் தரவேண்டிய பாஸ் குறையும். ஆகவே அங்கே சுவர்களில் 25 முதல் 50 மி.மீ. தடிமனில் பாலியஸ்டர் விரிப்பு வைப்பதே பொது வழக்கம். போர்ட்டின் உள்வாயைச் சுற்றி, குறைந்தது அதன் விட்டத்தின் அளவுக்காவது காலியிடம் இருக்க வேண்டும்.

90 செ.மீ. டவரில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. உயரவாக்கு அலை 190 ஹெர்ட்ஸில் வருகிறது. அதன் கால் அலைநீளம் 45 செ.மீ. என்பதால் சுவர் விரிப்பு அதைத் தொடவே தொடாது. ஊஃபரும் போர்ட்டும் இரு முனைகளில் இருந்தால் அந்த அலை போர்ட் வழியாக நேரே வெளியே வந்துவிடும். அதற்குப் பெட்டியின் நடு உயரத்தில், குறுக்குவெட்டு முழுவதையும் மறைக்குமாறு 10 செ.மீ. அளவுக்குத் தளர்வான பஞ்சு அடுக்கு ஒன்றை வைத்து, வளைவின் உச்சிகள் எவ்வளவு தாழ்கின்றன என்று அளந்து, தாங்கக்கூடிய அளவில் நிறுத்த வேண்டும். போர்ட்டை நடு உயரத்துக்குக் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே அந்த அலைக்கு அழுத்தமே இல்லை. ஆனால் போர்ட் நடுவே வந்துவிட்டால் பஞ்சு அடுக்கை அங்கே வைக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நானாக இருந்தால் போர்ட்டை நகர்த்துவேன்.

நாகைக்காற்று:

உரசாமல் நிறுத்துவதற்குக் கொசுவலைத் துணி போதும். நைலான் வலையை ஊஃபர் துளைக்குப் பின்னால், கூம்பும் காந்தமும் தாராளமாக அடங்கும் அளவுக்குக் கிண்ணம்போல் குழிவாகப் பிடித்து, ஓரங்களை ஸ்டேப்ளர் ஆணியால் உள்பலகையில் அடித்துவிடுங்கள். பஞ்சு வலைக்குப் பின்னால் நிற்கும். காற்று தடையின்றிப் போகும். வலையைத் தளர்வாக விடாதீர்கள், அதுவே படபடக்கும். உங்கள் ஊஃபரின் காந்தத்துக்குப் பின்னால் காற்றுத் துளை இருந்தால், அந்த இடத்தில் மட்டும் வலையோடு மல்துணி ஒன்றையும் சேர்த்து வையுங்கள். உதிர்ந்த நார் எதுவும் துளைக்குள் இழுபடாது.

மின்கம்பிகளைப் பஞ்சு வைப்பதற்கு முன்பே பலகையோடு சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது. கடைசியாக, ஊஃபரைத் திருகுவதற்கு முன் அதன் விளிம்பில் நுரை நாடா ஒன்றைச் சுற்றுங்கள். கம்பி வெளியேறும் துளையையும் சீலன்ட்டால் அடையுங்கள். பிறகு கூம்பை இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். அது மெதுவாக, சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் வெளிக்கம்பிகளை இணைக்கும் டெர்மினல் தட்டின் ஓரமாகத்தான் இருக்கும்.